கறுப்பு கறுப்பாகத் தெரிவதற்கு

நான் வேலை பார்த்த இடம் அடையாறில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடி. கண்காணிப்புக் கேமரா தயாரிப்பாளர்கள் என்று வாசலில் பலகை மாட்டியிருந்தோம். தயாரிப்பெல்லாம் ஒன்றும் இல்லை. வெளிநாட்டிலிருந்து சர்க்யூட்டும் சென்சாரும் வரும். நாங்கள் அதற்கு லென்ஸ் வைத்து, தகரப் பெட்டியில் அடைத்து, ஒரு ஸ்டிக்கர் ஒட்டி விற்போம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கடை வைத்திருந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று தங்கள் சிப்பந்திகள் மேல் சந்தேகம் வந்திருந்தது. அதனால் எங்களுக்கு வியாபாரம் நன்றாகவே நடந்தது.

என் வேலை நிறம் பார்ப்பது. சென்சார் என்பது சுண்டுவிரல் நகத்தளவு சில்லு. அதன் மேல் கண்ணுக்கே தெரியாத நுணுக்கத்தில், கட்டம் கட்டமாக நிறப் பூச்சு இருக்கும். ஒவ்வொரு கட்டமும் தனக்குரிய வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் கேமரா இது சிவப்பு, இது பச்சை என்று முடிவுகட்டும். ஆனால் அகச்சிவப்பு என்று ஒரு வெளிச்சம் இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். அந்தக் கட்டங்கள் அதைத் தடுப்பதில்லை. பத்திரிகை இல்லாமல் கல்யாணத்துக்கு வந்தவன் நேராகப் பந்தியில் உட்காருகிற மாதிரி அது பாட்டுக்கு உள்ளே போய்விடும். அதை வாசலிலேயே நிறுத்த, சென்சாருக்கு முன்னால் வெளிர்நீலமாக ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு வைக்க வேண்டும். ஐ.ஆர். ஃபில்டர் என்போம். அது இல்லாவிட்டால் மாவிலை வெளிறிப்போகும். சாயம் போட்ட கறுப்புத் துணி அரக்காகத் தெரியும்.

அந்த வருஷம்தான், உண்டாகி ஆறாவது மாதத்தில் எனக்குக் குழந்தை போயிற்று. ஐந்தாம் மாதம் வளைகாப்பெல்லாம் அமர்க்களமாக நடந்திருந்தது. ஒரு நாள் அசைவு நின்றது, மறுநாள் எங்கள் வீடு இருந்த மயிலாப்பூரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்தது. நர்ஸ் என் காதருகே குனிந்து, "பொண்ணும்மா" என்றாள். அறையில் அப்போது வேறு யாரும் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு மாமியார் வந்தார். "பெரியவா எல்லாம் பாத்துண்டா. நீ ஒண்ணும் கேக்காதே, ஒண்ணும் நினைச்சுக்காதே" என்றார். நானும் கேட்கவில்லை. பெண் என்பதையும் யாரிடமும் சொல்லவில்லை. என் கணவரிடம்கூட.

வேண்டுமென்று மறைக்கவில்லை. சொல்ல வாயைத் திறந்தால் காபி டம்ளர் எங்கே என்பது மாதிரி ஏதாவது வந்தது. எனக்கு அழுகையும் வரவில்லை. வருத்தம் வரும், தாங்க முடியாது என்று எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். எனக்கானால் பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படித்தான் இருந்தது. தொட்டால் தொடுவது தெரியும், அவ்வளவுதான்.

ஆபீஸுக்கு மாமியார்தான் போன் செய்தார். எனக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டார். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தாலும் நான் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வேலை செய்கிறவள். கம்பெனியை நடத்திய சாரிடம் நல்ல செய்தியை இன்னும் சொல்லியிருக்கவில்லை. திருஷ்டி என்று அதற்கும் மாமியார்தான் தடை போட்டிருந்தார். ஆக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது சுலபமாகவே முடிந்தது. நான் திரும்பி வேலைக்குப் போன அன்று எல்லோரும் என் கண்ணைத்தான் பார்த்தார்கள்.

சால்டரிங் வேலை பார்த்தவர் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். நல்ல மனிதர், வாய் ஓயாது. "இன்னா மேடம், கண்ணு இன்னும் லைட்டா மஞ்சளா கீது. கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடிச்சீங்களா?" என்றார்.

"குடிச்சேன்."

"எண்ணெ, காரம்லாம் கிட்டவே சேக்காதீங்க. என் மச்சான் ஒருத்தன் இப்டித்தான், உடம்பு தேறிச்சுன்னு பஜ்ஜி துன்னான். திரும்ப வந்து படுத்துக்கினான்."

நான் சரி என்றேன். மதியம் அவர் கண் முன்னாலேயே எண்ணெய் இல்லாத மோர்சாதம் சாப்பிட்டேன். இல்லாத காமாலைக்குப் பத்தியம் இருந்தேன். அதில் எனக்கு ஒரு சிரமமும் தெரியவில்லை. எதைத் தின்றாலும் ஒன்றுபோல்தான் இருந்தது.

வீட்டில் என் கணவர் மட்டும் விடுவதாக இல்லை. சாயங்காலம் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் வந்து நிற்பார்.

"ஏதாவது சொல்லேன்."

"என்ன சொல்றது?"

"ஏதாவது. திட்டணும்னாலும் திட்டு."

"உங்க பனியன்ல பட்டன் காயிலேர்ந்து கறை ஒட்டிண்டிருக்கு" என்று ஒரு நாள் சொன்னேன். பட்டன் காய் என்று ஒன்று உண்டா என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் பனியனை வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு பால்கனிக்கு வருவது குறைந்தது. ஆபீஸிலிருந்து நேரம் கழித்து வந்தார். அவரை இழந்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. ஒரு சொல் சொன்னால் போதும் என்றும் தெரிந்தது. அந்தச் சொல்தான் வரவில்லை.

அப்போதுதான் தியாகராய நகர் ஜவுளிக்கடை விவகாரம் வந்தது.

பனகல் பார்க் பக்கம் இருந்த பட்டுப்புடவைக் கடை அது. முதலாளி தெற்கத்திக்காரர். முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு குடும்பமே வேன் வைத்துக்கொண்டு வரும். அதில் பெரியவர்களுக்கு மாடி ஏற முழங்கால் ஒத்துழைக்காது. கீழேயே உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் தலையசைக்காமல் ஒரு புடவையும் பில்லுக்குப் போகாது. மாடிக்கும் கீழுக்கும் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடிச் சிப்பந்திகள் ஓய்ந்துபோனார்கள். முதலாளிக்கு ஒரு யோசனை தோன்றியது. மாடியில் ஒரு கேமரா, கீழே ஏ.சி. அறையில் ஒரு பெரிய டி.வி. விற்பனைப் பெண் புடவையைத் தோளில் போட்டுக் காட்டுவாள், பெரியவர்கள் கீழே டி.வி.யில் பார்த்து, இன்டர்காமில் சரி, வேண்டாம் என்பார்கள். எங்கள் சாருக்கு ஒரே உற்சாகம். கண்காணிப்பு இல்லாத ஒரு நல்ல காரியத்துக்குக் கேமரா போகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

கேமரா மாட்டிய வாரமே ஒரு கல்யாணக் கோஷ்டி வந்தது. கீழே பெண்ணின் தாத்தா, டி.வி.யில் வந்த ஒரு அரக்குப் புடவையைப் பார்த்து மயங்கிவிட்டார். அதுதான் முகூர்த்தப் புடவை, வேறு எதையும் பார்க்க வேண்டாம், மஞ்சள் தடவிக் கொண்டு வா என்று உத்தரவு. மேலே இருந்தவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மும்முரத்தில், அவர் எந்தப் புடவையைச் சொல்கிறார் என்று யாரும் கவனிக்கவில்லை. கேமரா முன்னால் இருந்ததைச் சிப்பந்தி அப்படியே மடித்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவித் தட்டில் வைத்துக் கீழே கொண்டுபோனான். தட்டில் இருந்தது கறுப்பு. மை மாதிரிக் கறுப்பு. தாத்தா எழுந்தார், குடும்பம் மொத்தமும் எழுந்தது, ரவிக்கைத் துண்டுகூட எடுக்காமல் வேனில் ஏறிப் போய்விட்டது.

மறுநாள் முதலாளி எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். "ஏங்க, என் கடையில சகுனத் தடைன்னு ஊரு பூரா சொல்லுதாங்க! கருப்பு கருப்பாத் தெரியணும், அம்புட்டுத்தான் கேக்கேன். இல்லைன்னா கேமராவெல்லாம் கழட்டி உங்க வாசல்லயே வெச்சிட்டுப் போவேன்" என்றார். நியாயமான கோரிக்கைதான்.

பிரித்துப் பார்த்தோம். அந்தத் தடவை வந்த ஃபில்டர் கண்ணாடி மட்டம். பார்க்க நீலமாகத்தான் இருந்தது. ஆனால் அகச்சிவப்பில் பாதியை உள்ளே விட்டுவிட்டது. போதாததற்குக் கடையில் பட்டு பளபளக்க வேண்டும் என்று ஹாலஜன் விளக்குகளாகப் போட்டிருந்தார்கள். ஹாலஜன் விளக்கு கண்ணுக்குத் தருவதைவிட அகச்சிவப்பாகக் கொட்டுவதுதான் அதிகம். பட்டில் போட்ட கறுப்புச் சாயம் அதையெல்லாம் அப்படியே திருப்பி அனுப்பும். நம் கண்ணுக்கு அது கறுப்பு. அந்தக் கேமராவுக்கு நல்ல அரக்கு.

சார் நல்ல கண்ணாடி தருவித்தார். சோதித்துப் பார்க்கக் கறுப்புத் துணி வேண்டுமே என்று குடையை விரித்தோம், கார்பன் தாளை வைத்தோம். கார்பன் எந்தக் கேமராவிலும் கறுப்பாகவே இருந்தது, குடை வேறு மாதிரி இருந்தது. பட்டுக்குப் பட்டுதான் சரி என்றார் சார். "கடையில கேக்கலாம், ஆனா அவர் இருக்கிற கோபத்துல இப்போ வேண்டாம். யார் வீட்டிலயாவது கறுப்புப் பட்டுப் புடவை இருக்குமா?"

"எங்க ஆத்துல இருக்கு" என்றேன்.

எங்கள் வீடுகளில் கறுப்பு எந்த நல்ல காரியத்துக்கும் ஆகாது. ஒன்றே ஒன்றைத் தவிர. முதல் பிள்ளையை உண்டாகி இருப்பவளுக்கு ஐந்தாம் மாதத்தில் கறுப்புப் பட்டு வாங்கிக் கட்டிவிடுவார்கள். மசக்கைக் கறுப்பு என்று பெயர். கண் படாமல் இருக்கவாம். என்னுடையது அரக்குக் கரை போட்டது. வளைகாப்பன்று கட்டியதோடு பீரோவில் கிடந்தது. மறுநாள் காலை அதை எடுத்துப் பையில் வைத்ததை மாமியார் பார்த்தார்.

"அதை எங்கே எடுத்துண்டு போறே?"

"ஆபீஸுக்கு. டெஸ்ட் பண்ண ஒரு கறுப்புப் புடவை வேணுமாம்."

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு, "ஜரிகை கறுத்துடப் போறது, பாத்துக்கோ" என்றார். எனக்கும் அந்தக் கவலைதான் இருந்தது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த வாரம் முழுவதும் புடவை ஆபீஸ் மரச்சட்டத்தில் தொங்கியது. மட்டமான கண்ணாடி வைத்த கேமராவில் உடலும் கரையும் ஒரே அரக்காகிவிடும், எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்றே தெரியாது. நல்ல கண்ணாடி வைத்தால் கறுப்பு கறுப்பாக இறங்கி, கரை தனியாக எழும்பி வரும். ஒவ்வொரு கேமராவாகக் கழற்றி, இடுக்கியால் கண்ணாடியை மாற்றி, புடவைக்கு எதிரில் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். சால்டரிங்காரர் போகிற வருகிறபோதெல்லாம் முந்தானையை விரலால் நீவி, "சோக்கா கீது மேடம். இத்தினி நாளா ஏன் கட்டிக்கினு வர்ல?" என்றார். வீட்டுக்காரருக்குக் கறுப்பு பிடிக்காது என்று சொன்னேன். பொய் சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கடையில் வைத்துக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. கீழே ஏ.சி. அறையில் முதலாளியும் சாரும். மாடியில் கேமரா, விளக்குகள், நான், ஒரு விற்பனைப் பெண். முதலில் புடவையை மேஜையில் விரித்துக் காட்டினேன். இன்டர்காமில் முதலாளியின் குரல் வந்தது. "அப்படிக் கிடத்திப் போட்டா ஆச்சா? தோள்ல போட்டுக் காட்டச் சொல்லுங்க. முகமும் துணியும் சேந்து நல்லாயிருக்கான்னு பாக்கணும்ல?"

விற்பனைப் பெண்ணிடம் நீட்டினேன். அவள் ஒரு அடி பின்னால் போனாள். "ஐயோ மேடம், வெள்ளிக்கிழமையும் அதுவுமா கருப்பா? எனக்கு அடுத்த மாசம் கல்யாணம் மேடம்" என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான். நானே போட்டுக்கொண்டேன். கட்டியிருந்த நூல்புடவைக்கு மேலேயே கொசுவம் மாதிரி இடுப்பில் செருகி, முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டேன். விளக்குச் சூடு முகத்தில் அடித்தது. பட்டு சூடேறி, வளைகாப்பன்று தெளித்த பன்னீர் வாசனை லேசாக வந்தது. நான் கேமராவைப் பார்த்து நின்றேன்.

பிறகு இன்டர்காம் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன்.

"கருப்பு கருப்பாவே தெரியுதும்மா!" முதலாளிக்கு அப்படி ஒரு சந்தோஷம். "கரை அரக்கு, ஒடம்பு கருப்பு, டாண்ணு தெரியுது. ஒங்க மூஞ்சி கூட நேர்ல பாக்குற மாதிரியே இருக்கு. இந்தா, இங்க மயிலாப்பூர் மாமி ஒருத்தங்க உக்காந்திருக்காங்க. டி.வி.யில பாத்த ஒடனே 'மசக்கைக் கறுப்பான்னா கட்டிண்டிருக்கா'ங்காங்க. எத்தனாவது மாசம்னு கேக்காங்க. என்னம்மா நீங்க, சொல்லவே இல்லியே! சாரும் எனக்கே தெரியாதுங்காரு!"

அரக்காகத் தெரிந்திருந்தால் அந்த மாமி கேட்டிருக்க மாட்டாள். ஒரு வாரம் நான் இடுக்கியும் கையுமாக உட்கார்ந்து சரிசெய்ததுதான் அவளுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது. சும்மா சாம்பிளுக்குக் கொண்டுவந்த புடவை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் வாயில் தயாராகவே இருந்தது.

"மசக்கைக் கறுப்புதான்" என்றேன். "வளைகாப்பு ஆச்சு. ஆறாம் மாசம் போயிடுத்து. பொண்ணு."

மறுமுனையில் முதலாளி மூச்சு விடுவது கேட்டது. "சரிம்மா" என்றார். பிறகு மறுபடியும், மெதுவாக, "சரிம்மா." போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. விற்பனைப் பெண் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சுவரோரம் ஒட்டி நின்றாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது, கீழே எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். நகர்ந்துகொள்ளத் தோன்றவில்லை. அந்த இடத்திலேயே நின்று அழுதேன். பெருங்குரலாக, மூக்கு ஒழுக, கொஞ்சமும் அழகில்லாமல் அழுதேன். யாரோ விளக்குகளை அணைத்தார்கள்.

சார் என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டார். திங்கட்கிழமை வந்தால் போதும் என்றார்.

என் கணவர் அன்று சீக்கிரம் வந்திருந்தார். சமையலறையில் நின்று தானே காபி கலந்துகொண்டிருந்தார். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். புடவை இன்னும் என் கையில் சுருட்டியபடி இருந்தது. வீங்கிய முகத்தைப் பார்த்து அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

ஒரு தடவை சொல்லியாகிவிட்டதே, இரண்டாவது தடவை சுலபமாக இருக்கும் என்று ஆட்டோவில் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அப்படி இல்லை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

"ஏன்னா, அது பொண்ணு. நர்ஸ் எங்கிட்ட மட்டும் சொன்னா. உங்ககிட்ட சொல்லாமயே இருந்துட்டேன்."

அவர் அடுப்பை அணைத்தார்.

"தெரியும்" என்றார். "கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்கு நான்தானே எடுத்துண்டு போனேன். உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டா. நீயா பேச்சை எடுப்பே, எடுப்பேன்னு பாத்துண்டே இருந்தேன்."

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கையைப் பார்த்தார்.

"கனமே இல்லை" என்றார்.